மருத்துவரிடம் கேள்வி கேட்டால் விசுவாசம் குறைந்துவிடுமா?

கேள்வி: திருமணமாகி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு எங்களுக்கு மகன் பிறந்திருக்கிறான். மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறியதால் 29 வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். எடை 1,150 கிராம். இடையில் 1,035 வரை இறங்கி இப்போது 1,120-ல் இருக்கிறான். இன்று பன்னிரண்டாம் நாள். முதலில், மூச்சுக்கு உதவ லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் சி-பாப் கருவி வைத்திருந்தார்கள். இப்போது மூக்கில் மெல்லிய குழாய் வழியாக ஆக்சிஜன் போகிறது, டியூப் வழியாகத் தாய்ப்பால் கொடுக்கிறார்கள். சில நேரம் மூச்சு நின்று மானிட்டர் கத்துகிறது.

நாங்கள் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். மனைவி காலையிலிருந்து மாலை வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்கிறாள். இரண்டு முறை முழு இரவு ஜெபத்துக்கும் போனாள். பால் குறைந்துவிட்டது. நான் டாக்டரிடம் மூளை ஸ்கேன் பற்றியும் பின்னாளில் குறைபாடு வருமா என்றும் கேட்டபோது, மாமியார் வெளியே வந்து, "அவிசுவாசமாகப் பேசாதீர்கள், நீங்கள் சந்தேகப்பட்டதால்தான் பிள்ளைக்கு எடை குறைந்தது" என்று அழுதார். உறவினர் அழைத்துவந்த ஒரு போதகர், 21-ஆம் நாள் குழந்தை வீட்டில் இருக்கும் என்று வாக்குச் சொல்லி, அதற்கு ஒரு காணிக்கையும் விதைக்கச் சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்த எண்ணெயைக் குழந்தைக்குப் பூசலாமா? இப்போதே ஞானஸ்நானம் கொடுக்கலாமா, கொடுத்தால் பிழைக்காது என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடுமா? பக்கத்துத் தொட்டில் குழந்தை நேற்று இறந்துபோனது. அவர்களும் ஜெபித்தவர்கள்தான். மனைவி இரவெல்லாம் அதையே கேட்கிறாள். என்ன சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் எழுதியிருப்பதிலேயே நல்ல செய்தி இருக்கிறது, பயத்தில் அது உங்கள் கண்ணில் படவில்லை. 29 வாரத்தில் பிறந்த பிள்ளை பன்னிரண்டாம் நாளில் சி-பாப் கருவியை விட்டு இறங்கி, பாலைச் செரித்துக்கொண்டு, பிறந்த எடையை எட்டப் போகிறான். அவனுடைய ஃபைலைப் பார்க்காமல், மருத்துவர் என்ற முறையில் இதற்கு மேல் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தொற்று, குடல் அழற்சி என்று சில பயங்கள் இன்னும் சில வாரங்களுக்கு இருக்கவே செய்யும். ஆனால் இந்த வயதில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர், வசதியுள்ள பிரிவில் இருந்தால், பிழைத்து வீடு போகிறார்கள்.

முதலில் அந்த எடை விஷயம். குறைமாதக் குழந்தை முதல் வாரத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை எடை இழக்கும். உடலில் கூடுதலாக இருந்த நீர் வெளியேறுவதால் அப்படி நடக்கிறது. இரண்டாம் வாரத்தின் முடிவில் பிறந்த எடைக்குத் திரும்பும். உங்கள் மகன் இழந்தது பத்து சதவீதம். நீங்கள் டாக்டரிடம் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அந்த 115 கிராம் குறைந்துதான் இருக்கும். மூச்சு நிற்பதும் அப்படித்தான். இருபது நொடிக்கு மேல் மூச்சு விட மறப்பது இந்த வயதில் சாதாரணம். மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் முதிரவில்லை. அதற்காகத் தினமும் கொடுக்கப்படும் மருந்து என்ன தெரியுமா? காஃபீன். நாம் குடிக்கும் காப்பியில் இருப்பதேதான். மானிட்டர் கத்தும்போது அதில் வானத்திலிருந்து வந்த செய்தி எதையும் தேடாதீர்கள். பல நேரம் காலில் ஒட்டியிருக்கும் உணர்கருவி நழுவியிருக்கும். சிஸ்டர் குழந்தையின் நிறத்தைப் பார்ப்பார், பாதத்தை மெல்லத் தேய்த்துவிடுவார்.

உங்கள் வீட்டில் இப்போது நடப்பதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். காலையில் எடை ஏறியிருந்தால் ஸ்தோத்திரம், மாலையில் ஆக்சிஜன் தேவை கூடினால் யாருடைய பாவம் என்ற விசாரணை. குழந்தையின் மானிட்டர் உங்கள் விசுவாசத்துக்கு மதிப்பெண் போடும் அட்டையாகிவிட்டது. ஆறு ஆண்டு காத்திருந்து பெற்ற தாய்க்கு இந்தச் சுமை தேவையா? பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். யோவான் ஒன்பதாம் அதிகாரம். மாமியாரிடம் வாதாட வேண்டாம். குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரத்தை நீங்களே ஒரு நாள் வாசியுங்கள், போதும்.

கேள்வி கேட்பது அவிசுவாசமா என்பதுதான் உங்கள் கடிதத்தின் நடுநரம்பு. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் நோயுற்ற மகனைக் கொண்டுவருகிறான். இயேசு உடனே குணமாக்கிவிடவில்லை. இது இவனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்கிறார். சிறு வயது முதலே என்கிறான் தகப்பன். தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்று அறிகுறிகளையும் சொல்கிறான். மருத்துவக் கல்லூரியில் நாங்கள் முதலில் கற்றுக்கொள்ளும் கேள்வி இதுதான், "எவ்வளவு நாளாக?" எல்லாம் அறிந்தவர் என்று நாம் நம்புகிறவரே நோயின் வரலாற்றைக் கேட்டு, பதில் வரும்வரை நின்றார். அதே தகப்பன்தான் அடுத்த மூச்சில், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று கண்ணீரோடு கதறினான். அரைகுறை விசுவாசத்தை மறைக்காமல் சொன்னவனுடைய பிள்ளை குணமானான். ஆகவே கேளுங்கள். மூளை ஸ்கேன் எப்போது எடுத்தார்கள், ரத்தக்கசிவு உண்டா, இருந்தால் எந்த அளவு என்று கேளுங்கள். இந்தக் கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் ஏற்படுகிறது. முதல் வாரத்து ஸ்கேன் நன்றாக இருந்தால் அதுவே பெரிய ஆறுதல். பின்னாளில் குறைபாடு வருமா என்பதற்கு இன்று எந்த மருத்துவராலும் உறுதியான பதில் தர முடியாது. வளர்ச்சியைத் தொடர்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே மருத்துவரிடம், முடிந்தால் கணவனும் மனைவியும் சேர்ந்து கேளுங்கள். கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பயத்தில் பாதி மறந்துபோகும்.

மருத்துவமனை ஒரு பக்கம், சபை மறு பக்கம் என்று பிரித்துப் பேசுபவர்கள் நம் ஊர் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். உங்களுக்குத் தென்மேற்கே, கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாமல் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். 1918-ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையாக நிற்பது அந்த வேலைதான். ஜெபித்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள் கட்டியது அல்ல அது.

இனி உபவாசம். இதில் நான் கண்டிப்பாகத்தான் பேசப் போகிறேன். உங்கள் மனைவி உடனே நிறுத்த வேண்டும். பாலைக் காட்டிலும் அவர் உயிர்தான் என் முதல் கவலை. ரத்த அழுத்தத்துக்காக அவசரமாகப் பிரசவம் பார்க்கப்பட்டவர் அவர். பிள்ளை பிறந்ததும் அந்த நோய் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைகூட அழுத்தம் ஏறலாம், வலிப்பும் வரலாம். மாத்திரை கொடுத்திருந்தால், உபவாசம் என்று ஒரு வேளைகூட விடக் கூடாது. கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் ஜெபக்கூட்டத்துக்கு நடுவில் இருந்தாலும் எழுந்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவைப் புண் ஆறவும் சாப்பாடு வேண்டும், தண்ணீர் வேண்டும்.

பால் குறைந்ததற்குப் பட்டினியைவிட அந்த முழு இரவு ஜெபங்களே காரணமாக இருக்கக்கூடும். குழந்தை நேரடியாகச் சப்பாத நிலையில், 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது பாலைப் பிழிந்தெடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். அதில் ஒரு முறையாவது நள்ளிரவில் இருக்க வேண்டும். பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். இரவு முழுவதும் எடுக்காமல் விட்டால், இந்தப் பால் தேவையில்லை போலும் என்று உடல் முடிவு செய்துவிடுகிறது. முழு அளவை எட்டும்போதும் இப்போதைய எடைக்கு அவனுக்கு ஒரு நாளைக்கு 150 முதல் 200 மில்லிதான் தேவைப்படும். கொஞ்சம்தான் வருகிறது என்று அவர் மனம் உடைய வேண்டாம். ஆனால் அந்தக் கொஞ்சம் மிக முக்கியம். குறைமாதக் குழந்தையின் குடலைத் தாக்கும் கொடிய அழற்சியிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு நிகராக எங்களிடம் மருந்தே இல்லை. நள்ளிரவில் பம்போடு உட்காரும்போது அவர் ஜெபிக்கட்டும், யார் தடுக்கப் போகிறார்கள்? வீட்டில் யாராவது உபவாசம் இருந்தே தீர வேண்டும் என்றால் நீங்கள் இருங்கள். உங்கள் மாமியாரும் இருக்கலாம், அவருக்குச் சர்க்கரை நோய் இல்லையென்றால். பச்சை உடம்புக்காரி பட்டினி கிடக்க வேண்டும் என்று சொன்ன ஓர் ஆயரை நான் இதுவரை சந்தித்ததில்லை. உங்கள் சபைக்குப் பொறுப்பான ஆயரை, சேகரகுருவையே வீட்டுக்கு அழைத்து, அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். என் பேச்சைவிட அது உங்கள் வீட்டில் எடுபடும்.

21-ஆம் நாள் வாக்குக்கு வருவோம். அன்று உங்கள் மகனுக்கு 32 வாரம்தான் ஆகியிருக்கும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றாகச் செய்ய ஏறத்தாழ 34 வாரம் ஆக வேண்டும். தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள வேண்டும், மூச்சு நிற்காமல் தொடர்ந்து சில நாட்கள் கடக்க வேண்டும், எடை சீராக ஏற வேண்டும். இதெல்லாம் கூடிவர 34-36 வாரம் ஆகும். சிலருக்கு இன்னும் தாமதமாகும். அதற்கு முன் மருத்துவர் சொல்லைமீறிக் கையெழுத்துப் போட்டு அழைத்துச் சென்றால், இரவில் அவன் மூச்சு நிற்கும்போது வீட்டில் கத்த மானிட்டர் இருக்காது. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுள் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. வாக்கு வந்துவிட்டது, இனி மருந்து எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தேதி குறித்துக் கொடுத்த போதகர் 22-ஆம் நாள் உங்கள் வீட்டில் இருக்க மாட்டார். காணிக்கை விதைப்பது பற்றி நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: அந்தப் பணத்தில் ஒரு நல்ல மின் பம்பு வாங்குங்கள்.

எண்ணெய். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு நிருபத்திலேயே இருக்கிறது, அதைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் உங்கள் மகனின் தோல் ஈரக் காகிதம்போல மெல்லியது. கிருமிகள் அதன் வழியாகவே உள்ளே போகும். எத்தனை கைகள் பட்டது என்று தெரியாத பாட்டில் எண்ணெய் அவன்மேல் படக் கூடாது. உங்கள் ஆயர் உங்கள் இருவர் நெற்றியிலும் பூசி ஜெபிக்கட்டும். அதன் பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். சபையார் பத்துப் பேர் வந்தால் வெளியே நின்று ஜெபிக்கட்டும். கைபேசியில் பாட்டுப் போட்டு இன்குபேட்டருக்குள் வைப்பதும் வேண்டாம். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்ன ஓசையும் பெரிதாக எதிரொலிக்கும். வசன அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வெளிப்புறம் ஒட்டலாமா என்று சிஸ்டரிடம் கேட்டால், பெரும்பாலும் சரி என்பார்.

பாட வேண்டும் என்றால் உங்கள் மனைவி பாடட்டும், அவனை நெஞ்சில் போட்டுக்கொண்டு. கங்காரு முறை பற்றிச் சொல்கிறேன். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், போதிய இன்குபேட்டர் இல்லாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது இது. குழந்தையை டயப்பரும் தொப்பியுமாக, தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திவைத்துத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாட்களில் நேரும் மரணங்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. உங்கள் மகனுடைய எடைக்காரர்கள்தான் அவர்கள். ஆக்சிஜன் குழாய் இருந்தாலும், நிலை சீராக இருந்தால் செய்யலாம். இன்றே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் மனைவிக்கு மட்டும் அவர் அனுமதி தந்தால், தகப்பனுக்கும் உண்டா என்று கேளுங்கள். உண்டு. சட்டையைக் கழற்ற வெட்கப்படாதீர்கள்.

ஞானஸ்நானம் தாராளமாகக் கொடுக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்தில், உயிராபத்து நேரத்தில் சரியான நோக்கமுள்ள எவரும் கொடுக்கலாம் என்றே இருக்கிறது. உங்கள் சபையின் ஒழுங்கைச் சேகரகுரு சொல்வார். கிருமி நீக்கிய தண்ணீரைச் சிஸ்டர் ஒரு சிரிஞ்சில் எடுத்துத் தருவார். சில துளிகள் போதும், உடனே துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்துவிடுவான். இதைச் செய்தால் அவன் பிழைக்க மாட்டான் என்று ஒப்புக்கொண்டதாகும் என்ற பயத்தை விடுங்கள். இன்குபேட்டரில் ஞானஸ்நானம் பெற்று, பிறகு என்னிடம் தடுப்பூசிக்கு வந்து அலறிய பிள்ளைகள் நிறையப் பேர். பெரிய ஆராதனையில் உறவுக்காரர்கள் சூழச் செய்ய வேண்டும் என்று ஆசையிருந்து, அவனும் சீராக இருந்தால், காத்திருப்பதிலும் தவறில்லை. உங்கள் மனைவிக்கு எது மனநிம்மதி தருமோ அதைச் செய்யுங்கள்.

பக்கத்துத் தொட்டில். அவர்களும் ஜெபித்தார்கள், ஏன் அந்தப் பிள்ளை? எனக்குத் தெரியாது சகோதரரே. எந்தத் தொற்று, எந்த உறுப்பு என்று மருத்துவக் காரணத்தைச் சொல்ல முடியும். உங்கள் மனைவி கேட்பது அதை அல்ல. அந்தக் கேள்விக்கு உடனடியாகப் பதில் வைத்திருப்பவர்களை நான் நம்புவதில்லை. அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது உங்கள் மனைவியின் காதில் போட்டிருந்தால், அதை இன்றே அழித்துவிடுங்கள். நாளை உங்கள் மகனுக்கு ஒரு மோசமான நாள் வந்தால் அதே வார்த்தை அவர்மேல் திரும்பும். உங்கள் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்கட்டும், அழட்டும், நீங்களும் கூட அழுங்கள். சங்கீதப் புத்தகத்தில் பாதி, "எதுவரைக்கும் கர்த்தாவே" என்கிற ரகம்தானே. முடிந்தால் இருவரும் அந்தத் தாயைப் போய்ப் பாருங்கள். கர்த்தருக்குச் சித்தமானது நடந்தது, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்றெல்லாம் சொல்லாதீர்கள். பிள்ளைக்கு வைத்த பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பின்னொரு நாள் நீங்கள் சபையில் சாட்சி சொல்லும்போதும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். நாங்கள் உருக்கமாக ஜெபித்தோம், ஆகவே பிழைத்தான் என்று நீங்கள் சொல்லும்போது, அவரைப் போன்ற ஒரு தாய் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

உங்கள் மனைவியின் தூக்கம் எப்படி? பால் எடுக்கும் நேரம் போக, படுத்தால் தூங்குகிறாரா? இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், பிள்ளையைப் பார்க்கவே பயந்தால், தான் இல்லாமல் போனால் நல்லது என்று ஒரு சொல் வந்தால், அதைப் பிசாசின் போராட்டம் என்று ஜெபக்குறிப்பில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய். பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104, இரண்டிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடிதம் முழுவதிலும் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அவனுக்குக் கண் பரிசோதனை எந்தத் தேதியில்? குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒன்றும் தெரியாது. நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் 30 நாட்களுக்குள் இந்தப் பரிசோதனை நடக்க வேண்டும். 1,200 கிராமுக்குக் கீழே பிறந்ததால் உங்கள் மகனுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே செய்ய வேண்டும், அதாவது ஏறக்குறைய அந்த 21-ஆம் நாளுக்குள். தேவைப்பட்டால் லேசர் சிகிச்சை உண்டு, அது சில நாட்களுக்குள் செய்யப்பட வேண்டியது. ஒரு முறை பார்த்ததோடு முடியாது, விழித்திரை முதிரும்வரை மருத்துவர் சொல்லும் தேதிகளில் எல்லாம் போக வேண்டும். நாளைக் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் முதல் தேதியைக் கேட்டு, ஃபைலில் எழுதச் சொல்லி, எழுதியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.